அஞ்சாவது மலை

வெள்ளியங்கிரியில் பெண்களுக்கு இரண்டு பருவத்தில்தான் வழி உண்டு. வயதுக்கு வருவதற்கு முன்னால், இல்லையென்றால் மாதவிடாய் நின்ற பிறகு. இடைப்பட்ட காலம் முழுக்க அடிவாரத்துப் பூண்டி கோயிலில் கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியது. கோவைப் பக்கம் வளர்ந்த எங்களுக்கு இதை யாரும் விதியாகச் சொல்லிக் கொடுத்ததில்லை. மாசி பிறந்தால் அண்ணன்கள் கிளம்புவார்கள், மூங்கில் தடியோடு திரும்பி வருவார்கள், அந்தத் தடி சாமி ரூம் மூலைக்குப் போகும். அவ்வளவுதான்.

போன சித்திரையில் நாங்கள் நான்கு பேர் போனோம். தையல்கடைக்காரி, சத்துணவு மையத்தில் இருப்பவள், பள்ளி ஆசிரியை, நான். நால்வருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. தடி விற்ற பெரியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "வயசு ஆயிருச்சுங்களா அம்மிணி?" என்று கேட்டார்.

"ஆயிருச்சுங்க. அதுக்குத்தானுங்க இத்தன வருசம் காத்துக் கெடந்தோம்" என்றாள் தையல்கடைக்காரி.

விடியற்காலை மூன்று மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் ஏறத் தொடங்கினோம். ஏழு மலையில் முதல் மலைதான் ஆளை உரித்துவிடும். ஒரு படி கணுக்கால் உயரம் இருந்தால் அடுத்தது முழங்கால் உயரம். முட்டி தேய்ந்த பிறகு அனுமதி கொடுப்பதில் இருக்கும் நக்கலை அங்கே நன்றாக உணரலாம். இருபது வயதுப் பையன்கள் "பாத்து வாங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போனார்கள். நல்ல பிள்ளைகள்தான். அந்த வயதில் நாங்களும் இப்படித் தாவித் தாவி ஏறியிருப்போம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

சிறுநீர் கழிக்க ஆண்கள் பாதையை விட்டு இரண்டடி நகர்ந்தால் போதும். நாங்கள் ஒருத்திக்கு மூன்று பேர் துப்பட்டா பிடித்து நின்றோம். பாம்பாட்டி சுனையிலும் கைதட்டி சுனையிலும் தண்ணீரை ஆசை தீரக் குடிக்காமல் நாக்கை நனைத்துக்கொண்டதும் இதனால்தான்.

2023 மே மாதம் முத்தமிழ்செல்வி எவரெஸ்ட் ஏறினார், தமிழ்நாட்டிலிருந்து அங்கே ஏறிய முதல் பெண். முப்பதுகளில் இருந்த அவரும் அந்த வருடம் வெள்ளியங்கிரி வழக்கப்படி பூண்டியோடுதான் திரும்பியிருக்க வேண்டும். எங்கள் மலை சுமார் ஆறாயிரம் அடி. பெண்களுக்கு ஆபத்து என்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் இந்த மலையில் மூச்சுத் திணறியும் மாரடைப்பு வந்தும் ஆண்கள் செத்துப்போவதாகச் செய்தி வருகிறது. ஆண்கள் வர வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. அகத்தியர்கூடத்திலும் இப்படித்தான் பெண்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2018இல் வழிவிட்டது. 2019 ஜனவரியில் தன்யா சனல் ஏறினார்.

ஐந்தாவது மலைக்கு வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. புல்வெளி, பள்ளத்தில் சோலை, காற்று ஆளைத் தள்ளியது. ஆசிரியை எங்களை ஒரு பாறை மறைவுக்குக் கூப்பிட்டாள்.

"வந்துருச்சு புள்ள."

அவளுக்கு ஐம்பத்திரண்டு. எட்டு மாதமாக ஒன்றுமில்லை, நின்றுவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள். எங்கள் யார் பையிலும் நாப்கின் இல்லை. தையல்கடைக்காரி தன் பருத்தித் துண்டைப் பல்லால் கடித்து நான்காகக் கிழித்தாள். ஒவ்வொன்றும் அளந்து வெட்டியது போல இருந்தது.

ரத்த வாடைக்கு யானை வரும் என்று சின்ன வயதில் கேட்டது சத்துணவுக்காரிக்கு ஞாபகம் வந்துவிட்டது. சுற்றும் முற்றும் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். தீட்டு என்பது யார் கட்டிய கதை என்று எனக்குச் சொல்ல நிறைய இருந்தது.

"நீ சும்மா இரு. உனக்குச் சாமியே இல்ல. அவளுக்கு இருக்குது" என்றாள் தையல்கடைக்காரி.

அது சரிதான். திங்கள்கிழமை தவறாமல் விரதம் இருப்பவள் ஆசிரியை. இந்த நாளுக்காக எங்களில் அதிகம் ஏங்கியவளும் அவள்தான். அவள் பாறையில் உட்கார்ந்து தடியால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் இருக்கும். நாங்கள் மூவரும் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். என் நெற்றியில் வியர்வை வழிந்தது, அந்தக் குளிரில். எனக்கு மூன்று வருடமாக இப்படித்தான் உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும்.

"அவுரு எங்கிட்ட வயசத்தான கேட்டாரு" என்று எழுந்தாள். "போலாம் வாங்க."

ஆண்டி சுனையில் ஆண்கள் குளிர்ந்த தண்ணீரில் முங்கி எழுந்துகொண்டிருந்தார்கள். அவள் பாதத்தை மட்டும் நனைத்துக்கொண்டாள். ஏழாவது மலை செங்குத்து. வெயிலும் ஏறிவிட்டது. கையும் தடியுமாகப் போய்ச் சேர்ந்தோம். பெரிய பாறைகளுக்கு நடுவே இருக்கும் லிங்கத்துக்கு முன்னால் எங்களைவிட அதிக நேரம் அவள் நின்றாள். திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டாள். என்ன வேண்டிக்கொண்டாள் என்று நாங்கள் கேட்கவில்லை. நான் வெளியே வந்து கீழே மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இறங்கும்போது முட்டி அழுதது. நனைந்த துணியைக் காட்டில் எறிய மனமில்லாமல் மஞ்சப்பையில் சுருட்டிக் கீழே வரைக்கும் அவளே எடுத்து வந்தாள்.

இதை எழுதட்டுமா என்று ஒரு வாரம் கழித்துப் போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"பேரப் போடாத" என்றாள். "ஆனா மலையிலன்னு பொதுவா எழுதாத. அஞ்சாவது மலைன்னு எழுது."