பூட்டிய கதவுக்குள் ஓர் ஆட்டம்

விளையாட்டிலே அரசியல் கலக்கலாகாது என்று கூறும் நல்லவர்கள் நம்மிடையே பலர் உளர். ஆடுகளத்தில் இறங்க எவருக்கு உரிமை உண்டு, எவருக்கு இல்லை என்று விதித்தவர் யார் என்பதை மட்டும் அவர்கள் ஆராய்வதில்லை. மாங்குளத்திலே தமிழ் கற்பிக்கும் எனக்குக் கூடைப்பந்தின் நுட்பங்கள் தெரியா. ஆயினும் அவ்வாட்டத்தின் பயிற்றுநர் ஒருவரது வாழ்க்கை, ஆசிரியர் எனும் முறையில் என்னை நெடுநாளாகச் சிந்திக்க வைத்திருக்கிறது. அவர் பெயர் ஜோன் மக்லெண்டன்.

1915ஆம் ஆண்டு, ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலே ஒரு கறுப்பினக் குடும்பத்தில் அவர் பிறந்தார். கூடைப்பந்தாட்டத்தை 1891இல் உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித் அப்போது கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பேராசிரியராக இருந்தார். அவரிடமே போய்க் கற்குமாறு தந்தை மகனை அனுப்பினார். நைஸ்மித் மனமுவந்து ஏற்றுக்கொண்டார். ஆட்டத்தைத் தோற்றுவித்தவரிடமே பாடங்கேட்ட அந்த மாணவருக்குப் பல்கலைக்கழக அணியில் ஆட அனுமதி இல்லை. அவ்வணி வெள்ளையருக்கு மட்டுமே உரியது!

உடற்கல்விப் பட்டத்திற்கு நீச்சல் கட்டாயம். நீந்தாமலே தேறியதாக எழுதிவிடுகிறோம், தடாகத்துக்கு வரவேண்டாம் என்றனர். அவர் இணங்கவில்லை, இறங்கி நீந்தினார். பிறகு அந்தத் தடாகத்து நீர் முழுவதும் வெளியேற்றப்பட்டது. இதைக் கேட்டு வியக்கும் தமிழன் தன் ஊர்க் கிணற்றடியை மறந்தவனாவான். கிணற்றுக்கட்டில் கால் வைக்க உரிமையின்றி, பிறர் அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்துநின்ற தாய்மாரின் வரலாறு நம்முடையது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே அறவழியில் நின்றோர் தாக்கப்பட்டதும் நம் மண்ணிலேதான். மக்லெண்டன் தளரவில்லை. ஈற்றில் அந்தத் தடாகம் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது.

1936இல் பட்டம் பெற்றவர், 1940இல் டர்ஹம் நகரிலே கறுப்பினத்தவருக்கென இருந்த வட கரோலினாக் கல்லூரியின் தலைமைப் பயிற்றுநரானார். நின்று நிதானித்து ஆடிய காலத்திலே, பந்து கைக்கு வந்த கணமே களம் முழுவதும் பாய்ந்தோடித் தாக்கும் விரைவாட்டத்தை அவர் பயிற்றினார். அவருடைய அணி வென்றுகொண்டேயிருந்தது. எனினும் நாட்டின் பெரும் போட்டிகளின் கதவுகள் அதற்கு அடைபட்டே இருந்தன.

1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. ஊரார் தேவாலயத்தில் இருந்த காலைப்பொழுது. டியூக் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் வெள்ளையர் அணி மறைவாக வந்து சேர்ந்தது. அரங்கின் கதவுகள் பூட்டப்பட்டன. பார்வையாளர் எவரும் அனுமதிக்கப்படவில்லை. மக்லெண்டனின் அணி 88க்கு 44 என வென்றது. அதன்பின் இரு அணியினரும் கலந்து, புதிதாகப் பிரிந்து, மீண்டும் ஓர் ஆட்டம் ஆடினர். அதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. எதிரெதிரே நிற்பதைவிட ஒரே பக்கத்தில் நிற்பது அன்று பெருங்குற்றம் அன்றோ!

பூட்டிய கதவுக்கு வெளியே உலகம் எப்படி இருந்தது? அதே ஆண்டு யூலையில், அதே டர்ஹம் நகரில், பேருந்தில் எழுந்த இருக்கைத் தகராற்றில் புக்கர் ஸ்பைஸ்லி என்ற கறுப்பினப் போர்வீரரைச் சாரதி சுட்டுக்கொன்றான். நீதிமன்றம் அவனை விடுவித்தது. அந்த மறைவாட்டத்தின் கதை நாடறிய வெளிவந்ததோ 1996இல்.

மக்லெண்டன் பின்னர் ரெனசி மாநிலக் கல்லூரியொன்றுக்குச் சென்று, 1957, 1958, 1959 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேசியக் கிண்ணத்தை வென்றார். வெள்ளையர் அணிகள் தங்கும் விடுதியிலேயே தம் மாணவருக்கும் இடம் வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். 1966இல் கிளீவ்லண்ட் மாநிலப் பல்கலைக்கழகப் பயிற்றுநராகி, வெள்ளையர் பெரும்பான்மையான பல்கலைக்கழகமொன்றில் அப்பதவி பெற்ற முதற் கறுப்பினத்தவரானார். கூடைப்பந்துப் புகழ்மன்றம் 1979இல் அவரைச் சேர்த்துக்கொண்டது, ஆட்டத்துக்குத் தொண்டாற்றியவராக. பயிற்றுநராகச் சேர்த்துக்கொண்டது 2016இல். 1999இலேயே அவர் காலமாகிவிட்டார்.

அன்றைய ஆட்டம் எந்தச் சட்டத்தையும் மாற்றவில்லை. 1960இல் அதே வட கரோலினாவின் கிறீன்ஸ்பரோ நகரில் நான்கு மாணவர்கள் வெள்ளையருக்கான உணவகத்தில் வெளிப்படையாக அமர்ந்தனர். அவர்களைத் தொடர்ந்து ஆயிரம் ஆயிரமாய் மக்கள் எழுந்தனர். 1964இல் குடியியல் உரிமைகள் சட்டம் வந்தது. மறைவில் பிறந்த சமத்துவம் வீதிக்கு வந்து வாழ்வதற்கு மக்கள் இயக்கம் வேண்டும். ஆனால் அந்த வீதியில் நிமிர்ந்து நடக்கக்கூடிய இளைஞரை உருவாக்குவது யார்? மக்லெண்டன் போன்ற ஆசிரியரே.

1977 வன்செயலின்பின் மலையகத்திலிருந்து அகதிகளாய் வந்து வன்னியிலே காடுவெட்டிக் குடியேறியோரின் பேரப்பிள்ளைகள் இன்று நம் வகுப்பறைகளில் இருக்கின்றனர். அணிக்கு ஆள் தெரியும் நாளிலே சப்பாத்து இல்லாத பிள்ளை வேலியோரம் ஒதுங்கி நிற்கிறது. அதன் ஊரையும் பெற்றோரின் தொழிலையும் கேட்டபின்பே பெயரைக் கேட்போரும் உளர். இங்கே கதவு எதுவும் பூட்டப்பட்டிருக்கவில்லை. மைதானம் திறந்தே கிடக்கிறது. ஆயினும் அந்தப் பிள்ளை உள்ளே வரவில்லையாயின், கண்ணுக்குத் தெரியாத பூட்டு ஒன்று இருக்கிறது என்பதே பொருள். முதலில் அதன் பெயரை அழைத்து, அதன் கையிலே பந்தைக் கொடுப்போம். தோழர்களே, நம் கடமை அங்கிருந்து தொடங்குகிறது.