ரெண்டாம் ஆட்டம் விட்ட பிறகு

‘கிங்ஸ்டன்’ படத்தைத் தூத்துக்குடியில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். 2025 மார்ச்சில் வந்தது, ஜி.வி. பிரகாஷ் நடித்த 25-வது படம். தூத்துக்குடிப் பக்கம் ஒரு மீனவக் கிராமம், சாபம் பிடித்த கடல், உள்ளே போனவன் பிணமாகத்தான் கரை ஒதுங்குவான் என்று கதை. சென்னையில் நான் பார்த்த அரங்கில் பக்கத்து இருக்கைக்காரர் “கிராபிக்ஸ் சுமார்” என்றார். அதோடு சரி. படகு அலையை எந்தப் பக்கமாக ஏறுகிறது, அணியத்தில் நிற்கிறவன் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்றெல்லாம் கேட்க அங்கே ஆள் கிடையாது. தூத்துக்குடித் தெரேஸ்புரத்து மீனவர் ஒருவர் இருந்திருந்தால் இடைவேளைக்கு முன்பே தீர்ப்பு வந்திருக்கும்: “பேயக்கூட நம்பிரலாம்வே, அந்தப் படகை நம்ப முடியல.”

எனக்குத் தியேட்டர் மேல் ஏக்கமில்லை. எங்கள் தூத்துக்குடிச் சார்லஸ் தியேட்டர் போனது வருத்தம்தான். ஆனாலும் மூட்டைப்பூச்சிக்காக யாரும் உருகத் தேவையில்லை. இன்றைய இருக்கை சுகமானது, ஒலி காதில் அறையாமல் நெஞ்சில் இறங்குகிறது. நான் விட்டுவந்தது படம் முடிந்த பிறகு நடந்த பேச்சை.

சார்லஸிலோ பாலகிருஷ்ணாவிலோ கிளியோபாட்ராவிலோ ரெண்டாம் ஆட்டம் விட்டால் கூட்டம் நேராக வீட்டுக்குப் போகாது. நைட் கிளப்புக்குப் போகும். வெளியூர்க்காரர் திகைக்க வேண்டாம், எங்கள் ஊரில் ராத்திரி புரோட்டாக் கடைக்கு அதுதான் பெயர். கல்லுக்கு மேலே டியூப்லைட், அதைச் சுற்றிப் பூச்சி. பொரித்த புரோட்டாவை எண்ணெய் வடித்து இலையில் போட்டு, மாஸ்டர் உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்குவார். மொறுமொறுவென்று நொறுங்கும். அதன் மேல் சால்னா. நொறுங்கினது ஊறுவதற்குள் ஒருவர் ஆரம்பித்துவிடுவார்: “படமா வே அது?”

அவரவர் தொழிலிலிருந்துதான் கருத்து புறப்படும். தோணியை ஓட்டும் தண்டல், கப்பல் காட்சி வந்தால் கதாநாயகியைப் பார்க்க மாட்டார், கயிறு கட்டியிருக்கும் விதத்தைப் பார்ப்பார். கதாநாயகன் தண்ணீருக்குள் முங்கினால் சங்கு குளிக்கிறவர் தன் மூச்சையும் பிடித்துக்கொள்வார். இவர் மூச்சு விட்ட பிறகும் அவன் மேலே வரவில்லை என்றால் படம் அவுட். உப்பளத்தில் வேலை பார்க்கும் அக்காக்கள் ராத்திரிக் கடைக்கு வர மாட்டார்கள். அவர்கள் தீர்ப்பு மறுநாள் காலையில் வேறொருவர் வாய்வழி வரும், பெரும்பாலும் அதுதான் கடைசித் தீர்ப்பு. அழுதார்களா இல்லையா என்பது முக்கியம். “பேய்ப் படம்னாலும் அழுவ ஒரு இடம் வேணும்லா” என்று ஒரு அக்கா சொன்னதைவிட நல்ல விமர்சனக் கோட்பாட்டை நான் எங்கும் படித்ததில்லை.

பழைய கதைகளும் அந்தப் புரோட்டாக் கடை மேசையில் ஓடும். பி.ஆர். பந்துலு ‘கப்பலோட்டிய தமிழன்’ எடுத்தது 1961-ல். எங்கள் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்ததும் அதே வருஷம். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி வ.உ.சி. பட்ட நஷ்டம் ஊரறிந்தது. அவர் கதையைச் சொன்ன அந்தப் படம் வந்தபோதும் சரியாக ஓடவில்லை. “பிள்ளைவாளுக்கு ரெண்டு தடவ நஷ்டம்வே” என்பார் ஒரு பெரியவர், சிரிக்காமல். 2013-ல் மணப்பாட்டில் எடுத்த மணிரத்னத்தின் ‘கடல்’ வந்த சமயம் நான் சென்னைக்கு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. விடுமுறையில் போனபோது அதே கடையில் கேட்டேன். “எல்லாரையும்விட மணப்பாடு நல்லா நடிச்சிருக்கு” என்றார் மாஸ்டர், மாவை வீசிக்கொண்டே. படம் தோற்றதற்கு இதைவிடச் சுருக்கமான காரணத்தைப் பத்திரிகைகள் எழுதவில்லை.

இப்போதெல்லாம் புதுப்படம் பார்க்கும்போது அந்த மேசையை மனசுக்குள் போட்டுக்கொள்கிறேன். ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ 2025 மே 1-ல் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். அந்த நேரம் வருகிற படத்துக்கு எங்கள் ஊரில் பொழுதும் உண்டு, பொறுமையும் உண்டு. காசுதான் இருக்காது. வல்வெட்டித்துறையிலிருந்து கள்ளத்தனமாகப் படகேறி வரும் குடும்பத்தைப் பற்றிய படம். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த ஊர் எங்களுடையது, கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போய்வந்த தண்டல்கள் உள்ள ஊர். நாயகன் சசிகுமாரின் ஈழப் பேச்சு எந்த இடத்தில் மதுரைக்குத் திரும்புகிறது என்று விரல் வைத்துச் சொல்லியிருப்பார்கள். சொல்லிவிட்டு, “ஆனா நல்ல மனுசங்க” என்று படத்தைப் பாஸ் பண்ணியிருப்பார்கள். என் கருத்தும் அதுதான். கொஞ்சம் இனிப்பு தூக்கல், அதனால் கெட்டுப்போகவில்லை.

‘மகாராஜா’ 2024 ஜூன் 14, தடைக்காலத்தின் கடைசி நாள். படகில் ஐஸ் கட்டி ஏற்றுகிற அவசரத்திலும் முன்பின்னாகக் குலைத்து அடுக்கிய அந்தக் கதையை மேசையில் நேர்ப்படுத்திப் பார்த்திருப்பார்கள். எது முன்னே எது பின்னே என்பதில் சண்டை வந்திருக்கும். எனக்கு அந்தப் படத்தில் தச்சுவேலை பிடித்தது. முடிவில் அதிர்ச்சிக்காக வைத்த வன்முறை பிடிக்கவில்லை.

‘கூலி’யைப் பற்றிக் கொஞ்சம் கோபம் உண்டு. விசாகப்பட்டினம் துறைமுகம், ரஜினி, கைப்பட்டையில் கூலி எண் 1421. எதிர்பார்க்காமல் இருக்க முடியுமா? ஆனால் துறைமுகக் கூலி காலையில் எழுந்து என்ன வேலை செய்கிறான், மூட்டையை எந்தத் தோளில் வாங்குகிறான் என்று படம் முடியும்வரை தெரியவில்லை. துறைமுகம் வெறும் இருட்டான பின்புலம். ‘ஏ’ சான்றிதழ் வேறு, பிள்ளைகளோடு போக முடியாது. சூப்பர்ஸ்டார் படத்துக்குப் பிள்ளையைத் தோளில் தூக்கிப் போன ஊருக்கு அது சின்ன அடி அல்ல.

2024 ஆகஸ்ட் 23-ல் ஒரே நாளில் ‘வாழை’யும் ‘கொட்டுக்காளி’யும் வந்தன. ஒன்று எங்கள் மாவட்டத்து மாரி செல்வராஜ் தன் புளியங்குளத்துப் பிள்ளைப் பருவத்தைச் சொன்னது. இன்னொன்று பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போய்வந்த பி.எஸ். வினோத்ராஜின் படம், பின்னணி இசையே கிடையாது. கூலி ஏற்றிக் கேட்ட ஆட்களை வாழைத்தார் லோடு மேலேயே உட்கார வைத்து அனுப்புகிறார்களே, அந்தக் கணக்கு உப்பளத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேசை ‘வாழை’யோடு அழுதிருக்கும். ‘கொட்டுக்காளி’யை “பாட்டு எங்க வே?” என்று தள்ளியிருக்கும். நான் அதற்காக மல்லுக்கட்டியிருப்பேன், தோற்றுமிருப்பேன். மறுநாள் யாராவது ஒருவர் டீ குடிக்கும்போது, “அந்த சேவல் மட்டும் கண்ணுக்குள்ளயே நிக்கி” என்று சொல்லியிருப்பார். ஒரு படத்தை மெல்ல ஒரு ராத்திரி அவகாசம் இருந்தது அப்போது.

அந்த அவகாசம்தான் போய்விட்டது. காலை 9 மணிக் காட்சியின் இடைவேளையிலேயே மதிப்பெண் செல்பேசிக்கு வந்துவிடுகிறது. 2024 நவம்பரில் ‘கங்குவா’ அடிபட்டபோது தயாரிப்பாளர்கள் யூடியூப் விமர்சகர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடக்கூடாது என்றார்கள். எனக்கு அதில் அனுதாபமில்லை, மோசமான படத்தை மோசம் என்று யார் சொன்னால் என்ன? வாசலில் மைக்கை நீட்டினதும் ஆள் மாறிவிடுவதுதான் என் குறை. தண்டலாக வந்தவர் கேமராவுக்கு முன்னால் “செகண்ட் ஹாஃப் லேக்” என்கிறார்.

அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ‘மெய்யழக’னைப் பார்த்து நான் தேம்பினேன். தஞ்சாவூர் வீட்டை 1996-ல் விட்டுப்போனவன் 22 வருஷம் கழித்து உறவுக்காரக் கல்யாணத்துக்கு வருகிற படம். வெளியான சில நாளில் நீளம் என்று சொல்லி 18 நிமிஷத்துக்கு மேல் வெட்டினார்கள். ஏக்கத்துக்குக்கூட அளவு வைத்திருக்கிறார்கள், பரவாயில்லை. அந்தப் படத்து அரவிந்த்சாமிக்குத் திரும்பிப் பார்க்க ஒரு வீடாவது நின்றது.

2025 தீபாவளிக்கு ‘பைசன்’, ‘டியூட்’, ‘டீசல்’ மூன்றும் ஒன்றாக வந்தன. ‘பைசன்’ பற்றிக் கேட்க ஊரில் இருக்கும் சிநேகிதனுக்குப் போன் போட்டேன். அது அர்ஜுனா விருது வாங்கிய எங்கள் மாவட்டத்து மணத்தி கணேசனின் வாழ்க்கையை ஒட்டிய கபடிப் படம்.

“எப்படில இருக்கு?”

“அஞ்சுக்கு மூணரை போட்டிருக்கான்.”

“எவன் போட்டா எனக்கென்ன, நீ பாத்தியா?”

“இன்னும் பாக்கல. டிவில வந்தா பாத்துக்கிடலாம். எங்க மச்சான் பாத்தாரு, அவரு கபடி ஆடுன ஆளு. பையன் நல்லா ஏறுதான், ஆனா இவ்வளவு மூச்சு வாங்குனா நம்மூர்ல ரெண்டாவது ரைடுலயே அமுக்கிருவானுவன்னு சொல்லுதாரு.”

“போனை அவர்ட்ட குடுல” என்றேன். அவர் எடுத்ததும், “படத்தை விடும்வே, மொதல்ல அந்தக் காலைப் பிடிக்கிற பிடியைச் சொல்லுதேன்” என்று தொடங்கினார்.