பழைய நேரம், புதிய நேரம்

ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தேயிலைத் தொழிற்சாலையொன்றில் மின்பணி புரியும் இளைஞன் ஒருவன், அடைமழை இரவொன்றில், வாட்டுத் தொட்டிகளின் விசிறிகளை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியின்முன் கைவிளக்குடன் நின்றான். மின்சாரம் போய் மீண்டபின் பெட்டி செயலற்றுவிட்டது. மேல்மாடியிலோ கொழுந்து நிறைந்து கிடந்தது. காற்றின்றேல் அது சூடேறிக் கெடும். வேறு வழி காணாது, தொடக்க அமைப்புக்கு மீட்கும் பொத்தானை அழுத்தினான். விசிறிகள் சுழன்றன. முகப்பில் 2000 ஆம் ஆண்டு சனவரி முதலாம் திகதி என்று தோன்றிற்று. கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைத் திருத்திவிட்டு அவன் லயத்துக்குத் திரும்பினான்.

ஒரு கிழமை கழிந்தது. வாட்டு மாடியில் இரவுப் பொறுப்பிலிருந்தவர் அவனுடைய தந்தையார். கையால் அள்ளி நெரித்த கொழுந்தின் ஓரங்கள் நொறுங்கக் கண்டு அவர் திடுக்கிட்டார். விசிறியைக் கையால் தொடக்குவதும் பெட்டியின் கடிகாரம் அதை நிறுத்துவதும் அங்குள்ள வழக்கம். அளவுக்கு மிஞ்சி வாடிய கொழுந்துக்கான பழி, இயல்பாகவே, கடிகாரத்தின்மேல் விழவில்லை, கிழவர்மேல் விழுந்தது.

“பெட்டி நேரத்துக்குத்தானே நிப்பாட்டுது? நீ தூங்கிட்டியான்னு கேக்குறாங்கடா,” என்றார் அவர்.

மகன் அன்றிரவு பெட்டியின் கையேட்டோடு அமர்ந்தான். இத்தகைய பெட்டிகளின் நேரம் பெரும்பாலும் சிறு பளிங்கொன்றின் துடிப்பிலிருந்து பிறப்பது. செக்கனுக்கு 32,768 தடவை அதிரும் அதன் எண்ணிக்கையைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று எஞ்சும். மலைநாட்டுக் குளிரும் அதனைத் தொடாமல் விடுவதில்லை. 25 பாகையில் செம்மையாக ஓடுவது, 10 பாகையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ முக்காற் செக்கன் பின்தங்கும். அதனாற் கேடில்லை. ஆனால் தடையியும் கொள்ளளவியும் கொண்ட அலையமொன்றும் சில்லினுள்ளேயே உண்டு. பளிங்கில்லாத பலகையும் இயங்கவேண்டும் என்பதற்காகச் செய்தவர்கள் அதனையே தொடக்க அமைப்பாக விடுவதுண்டு. அது நூற்றுக்கு ஒன்று பிசகினாலும் நாளுக்குப் பதினான்கு நிமிடம். கிழமைக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கும் மேல்! மீட்டபோது இழந்தது அந்தப் பளிங்கைத்தான்.

அதனை மறுபடி தெரிவுசெய்தான். காலையில் தொழிற்சாலைப் பொறுப்பாளரிடம் சென்று, தவறு தன்னுடையதென்றான்.

இன்னொன்று மிஞ்சியிருந்தது. அலுவலகக் கணினியோடு நேரத்தை இணைத்து, நாடுகளின் பட்டியலில் இலங்கையைத் தெரிந்தபோது முகப்பு அரை மணித்தியாலம் முந்திற்று. பெட்டி 2006 ஏப்ரலுக்கு முற்பட்டது. 1996 மே மாதம் கிரீன்விச்சுக்கு ஆறரை மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்ட இலங்கை நேரம், அவ்வாண்டு ஒக்டோபரில் ஆறாகி, 2006 இல்தான் பழைய ஐந்தரைக்கு மீண்டது. “பழைய நேரமா, புதிய நேரமா?” என்று கேட்டுக் கேட்டே இருட்டில் பிரட்டுக்குப் போன காலத்தைத் தந்தையார் நினைவுகூர்ந்தார். பெட்டி இன்னமும் புதிய நேரத்திலேயே இருந்தது.

சரியான நேரம் வரவேண்டுமாயின் பட்டியலில் இந்தியாவைத் தெரிவதே வழி. 1948 இல் நாடற்றவராக்கப்பட்டு, எஞ்சியோர் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடிகளான ஒரு சமூகத்தின் பிள்ளை, அவ்வரியின்மேல் விரலை வைத்தபடி சற்றுத் தயங்கினான்.

“அமுக்குடா,” என்றார் தந்தையார், சிரித்துக்கொண்டே. “கொழுந்து காயுது.”