இரணைமடுவில் இரவு பிறக்கும் வேளை

பங்குனி மாதத்து மாலை ஒன்றில் கிளிநொச்சியை அடுத்த இரணைமடுக் குளக்கட்டில் நின்றிருந்தோம். கனகராயன் ஆறு நிறைத்த அந்நீர்ப்பரப்பு பொன்னிறம் பூண்டிருந்தது. ஆறு மணி இருபது நிமிடமளவில் கதிரவன் மேலைக் காட்டினுள் மறைந்தான். "செக்கல் பட்டுவிட்டது" என்று சொல்லியபடி ஒருவர் மாடுகளை ஓட்டிச் சென்றார். அப்படியாயின் இரவு எப்போது தொடங்குகிறது?

நம் முன்னோர் ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாக வகுத்தனர். விமானிகளுக்கோ அவ்வளவு போதாது. அவர்களுக்கு நிமிடக் கணக்கு வேண்டும். ஞாயிற்று வட்டத்தின் நடுப்புள்ளி அடிவானத்துக்குக் கீழே ஆறு பாகை இறங்கியதும் இரவு தொடங்குகிறது. விடியற்காலையில் அதே நிலைக்கு ஏறியதும் முடிகிறது. இதுவே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தரும் வரைவிலக்கணம். அந்த ஆறு பாகை வரையில், வானம் தெளிவாயிருந்தால், அடிவானமும் மரமும் மேடும் விளக்கின்றியே கண்ணுக்குப் புலப்படும்.

வன்னியில் கதிரவன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால் அந்தியொளி இருபத்தொரு நிமிடம் முதல் இருபத்துமூன்று நிமிடம் வரையே நிலைக்கும். இலண்டனிலோ நடுக்கோடையில் அது நாற்பது நிமிடத்தையும் கடக்கும். நாடுதோறும் விதியும் வேறுபடும். பிரித்தானியாவில் மறைவுக்கு அரைமணி கழித்து இரவு. இந்தியாவில் கண்பார்வையை நம்பிப் பறப்போர் மறைவுக்குப் பின் இருபது நிமிடத்துக்குள் இறங்கிவிட வேண்டும். அமெரிக்காவிலே, மறைவுக்கு ஒரு மணி கழித்துப் பயணிகளை ஏற்றிச் செல்ல விரும்பும் விமானி, முந்திய தொண்ணூறு நாள்களுக்குள் அத்தகைய இருளில் மும்முறை ஏறி இறங்கியிருத்தல் வேண்டும்.

இத்துணைக் கண்டிப்பு ஏன்? மனிதக் கண் இருளுக்கு நன்கு பழக அரைமணி நேரம் வேண்டும். உயரத்தில் பறப்பவருக்குக் கதிரவன் இன்னும் தெரியும். கீழே ஓடுபாதையோ இருண்டு கிடக்கும். விளக்கில்லாக் காட்டின் மேலாகவோ நீரின் மேலாகவோ இறங்கும் விமானி, தாம் மிக உயரத்தில் இருப்பதாக மயங்கி, அளவுக்கு மேல் தாழ்ந்துவிடக் கூடும். வன்னிக் காடும் குளமும் அத்தகைய கரும்பரப்புகளே அல்லவா?

இக்குளத்தின் அண்மையிலேயே விடுதலைப் புலிகள் போர்க்காலத்தில் அமைத்த ஓடுபாதை உள்ளது. இன்று அது இலங்கை விமானப்படையின் வசம் இருக்கிறது. 2007 மார்ச் 26ஆம் நாள், நள்ளிரவுக்குப் பின், வன்னியிலிருந்து சென்ற சிறு விமானங்கள் கட்டுநாயக்காவிலுள்ள விமானப்படைத் தளத்தைத் தாக்கின. அவ்வாண்டிலேயே சில காலம் அங்குள்ள பன்னாட்டு விமான நிலையம் இரவில் மூடப்பட்டிருந்தது. இங்கோ, வானில் இரைச்சல் கேட்டதும் குழந்தைகளை வாரியெடுத்துக்கொண்டு பதுங்குகுழி தேடிய குடும்பங்கள் எத்தனையோ! அவர்களுக்கு இரவு என்பது பாகைக் கணக்கன்று. செவியால் அறிந்த அச்சம்.

நாம் கடிகாரத்தைப் பார்த்தோம். ஆறு நாற்பத்தொன்று. எதிர்க்கரை மரங்கள் ஒரே கருங்கோடாகிவிட்டன. விதிப்படி இரவு பிறந்துவிட்டது. தலைக்கு மேலே விண்மீன்களைத் தவிர வேறெதுவும் இல்லை. குளக்கட்டில் விளையாடிய சிறுவர் வானத்தை ஏறிட்டும் பாராமல் வீடு திரும்பினர். அந்தக் கவலையின்மையைக் கண்டபோது நம் நெஞ்சம் நிறைந்தது.