கறுப்புக் கம்பி

சிவகாசியில் நண்பர்கள் நாங்கள் இருவரும் ஆர்டுயினோ ஊனோ பலகையைக் கொண்டு, சிறு டிசி மோட்டார் ஒன்றின் வேகத்தைக் கட்டுப்படுத்தவும் அது இழுக்கும் மின்னோட்டத்தை அளக்கவும் முயன்றோம். மோட்டார் நிற்கையில் அளவு சரியாக இருந்தது; ஓடத் தொடங்கியதும் நம்பவியலாதபடி ஏறியது. மூன்று இரவுகள் நிரலைத் திருத்தினோம். பிறகு, நிரலை எழுதியவர் யார், கம்பி இணைத்தவர் யார் என்று பேச்சு தடித்தது.

நான்காம் இரவு மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டு, கறுப்பு கிரவுண்ட் கம்பியின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தோம். 0.2 வோல்ட்! மோட்டாரின் 2 ஆம்பியரும் உணரியின் மின்னோட்டமும் அந்த ஒரே மெல்லிய கம்பி வழியாகவே திரும்பிக்கொண்டிருந்தன; அதன் மின்தடை 0.1 ஓம். 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பகுத்தறியும் பலகைக்கு அது ஏறத்தாழ 41 படிப் பிழை. மோட்டாருக்குத் தனிக்கம்பி இட்டு, இரண்டையும் மின்வழங்கியின் முனையில் மட்டும் இணைத்தோம். எண்கள் அடங்கின.

எங்களூர்ப் பட்டாசு ஆலைகளில், மருந்து அறைக்குள் நுழையுமுன் வாசலிலுள்ள செப்புத் தகட்டைத் தொட்டு, உடலில் தேங்கிய நிலைமின்னைப் பூமிக்கு இறக்குவர். அந்த இணைப்பு வேறு, இது வேறு. ஆயினும் மின்சாரம் எவ்வழியே போகும் என்பதை முதலில் எண்ணவேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மேசைமுன் அதை மறந்திருந்தோம்.

விளக்கணைக்குமுன் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.