மன்னருக்குச் சிலை நின்ற இடம், தளபதிக்குத் தலை போன இடம்

பாரிஸ் மெட்ரோவில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே டிக்கெட்தான், 2025இல் 2.50 யூரோவாக இருந்தது. கான்கார்ட் நிலையத்தில் இறங்கிப் படியேறி வந்ததும் வாகன இரைச்சல் காதை அடைத்தது. நாலு பக்கமும் வண்டிகள் ஓடிக்கொண்டே இருக்க, நடுவில் எகிப்திலிருந்து கொண்டுவந்து 1836இல் நட்ட 23 மீட்டர் உயரக் கல்தூண். நகரத்திலேயே பெரிய சதுக்கம் இது. கல் பாவிய தரையில் பட்ட வெயில் கண்ணைக் கூசவைத்தது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று குறுக்கே கடக்கவே வெகுநேரம் பிடித்தது.

“பதினைந்தாம் லூயியுடையது என்று அங்கே ஒன்றும் மிச்சமில்லை, புரட்சியிலேயே எல்லாம் போய்விட்டது” என்று தங்கியிருந்த விடுதியில் சொல்லி அனுப்பினார்கள். ஆனாலும் என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் வந்தேன். 1715இல் ஐந்து வயதில் அரியணை ஏறி 1774 வரை ஆண்ட மன்னர் அவர். அவர் காலத்துப் போர்கள் ஐரோப்பாவோடு நிற்கவில்லை. கனடாவிலும் சென்னையிலும் புதுச்சேரியிலும் வந்தவாசியிலும் நடந்தன.

இந்தச் சதுக்கமே அவர் சிலைக்காக உண்டானது. சிலை வைக்கப் பாரிஸ் நகரசபை முடிவெடுத்தது 1748இல். பிரெஞ்சுக்காரர்கள் 1746இல் பிடித்த சென்னையை ஆங்கிலேயரிடம் திருப்பிக் கொடுத்து, பதிலுக்குக் கனடாவில் லூயிபூர் கோட்டையை வாங்கிக்கொண்ட சமாதானமும் அதே ஆண்டில்தான். சிற்பி பூஷார்தோன் ரோமானிய உடையில், குதிரைமேல் மன்னரைச் செய்தார். 1758இல் வெண்கலம் வார்த்தார்கள். சிலை எழுந்து நின்றபோது சிற்பி உயிரோடு இல்லை, 1763 ஜூன் ஆகிவிட்டிருந்தது. அதற்கு நாலு மாதம் முன்புதான், பிப்ரவரி 10ஆம் தேதி, பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தாகிக் கனடா கைவிட்டுப் போயிருந்தது. இந்தியாவில் இடிந்து கிடந்த புதுச்சேரியும் சில வணிகத் தலங்களும் மட்டும் திரும்பக் கிடைத்தன. அவ்வளவும் இழந்த ஆண்டில் வெற்றி வீரர் கோலத்தில் மன்னரை ஊர் நடுவே நிறுத்தினார்கள். பாரிஸ் மக்கள் சும்மா இருக்கவில்லை. சிலையைப் பற்றிக் கேலிப்பாட்டுக் கட்டினார்கள். 1792இல் அதைக் கீழே தள்ளியும் விட்டார்கள்.

வடக்குப் பக்கம் போய் நிமிர்ந்து பார்த்தேன். நெடுந்தூண்கள் வரிசைகட்டிய இரட்டை மாளிகைகள், இடையே ரூ ருவாயால் தெரு. இரண்டையும் கட்டியது மன்னரின் கட்டடக் கலைஞர் காப்ரியேல். கிழக்கே இருப்பதில் 1789 முதல் 2015 வரை கடற்படைத் தலைமையகம் இருந்தது. ஆக, விடுதியில் சொன்னது சரியில்லை. சிலை போனாலும் அதற்குப் பின்னணியாக எழுப்பிய கல் அப்படியே நிற்கிறது. மேற்கு மாளிகைச் சுவரில் ஒரு பலகை. பதினாறாம் லூயி சார்பாக அமெரிக்காவுடன் 1778 பிப்ரவரி 6ஆம் தேதி உடன்படிக்கை கையெழுத்தான வீடு என்று அதில் பொறித்திருக்கிறார்கள். பக்கத்துத் தெருமுனையில் ‘பதினாறாம் லூயி சதுக்கம்’ என்ற பழைய கல்லெழுத்தும் உண்டு. சதுக்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்தும் 1763ஐப் பற்றி ஓர் எழுத்துகூட என் கண்ணில் படவில்லை.

அங்கிருந்து ரிவோலி தெருவோடு கிழக்கே நடந்தேன். வலப்பக்கம் துய்லரி தோட்டம் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீள்கிறது. இடப்பக்க வளைவு நடைபாதையில் ஐஃபல் கோபுரச் சாவிக்கொத்துகள் மின்னின. ஒரு வண்டியில் ஆறு யூரோ கொடுத்துச் சர்க்கரை தூவிய கிரெப் வாங்கினேன். வெண்ணெய் விரலெல்லாம் வழிந்தது. சாலையின் பெரும்பகுதி சைக்கிள்களுக்குத்தான், மணியடித்துக்கொண்டு பறக்கிறார்கள். லூவ்ரின் நீண்ட சுவர் வந்தது. உடைத்த சிலையில் தப்பிய வலது கை அந்த அருங்காட்சியகத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தது. வாசலில் நீண்ட வரிசை. நான் அடுத்துப் பார்க்க நினைத்த இடம் இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி இருந்ததால் நிற்காமல் நடந்தேன்.

நகரமன்றத்தின் முன் பரந்த திடல். குழந்தைகள் ராட்டினக் குதிரைகளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்; ஆற்றுக் காற்று சில்லென்று வந்தது. இதன் பழைய பெயர் கிரேவ் திடல், அன்றைய கொலைக்களம். 1766 மே 9ஆம் தேதி பிரெஞ்சுத் தளபதி லாலியை இங்கேதான், வாயில் துணி அடைத்து, தலை வெட்டினார்கள்.

தமிழ்நாட்டு வரலாறு படித்தவர்களுக்கு லாலி தெரிந்த பெயர். சிலை வார்த்த அதே 1758இல் புதுச்சேரியில் வந்திறங்கிய தளபதி. கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையைப் பிடித்தார். பணம் கேட்டுத் தஞ்சாவூர்மேல் படையெடுத்து வெறுங்கையோடு திரும்பினார். சென்னையை முற்றுகையிட்டும் பலனில்லை. 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்றார். அடுத்த ஜனவரி 16ஆம் தேதி, பட்டினியில் வாடிய புதுச்சேரி சரணடைந்தது. அந்தக் காலத்தை நாட்குறிப்பில் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாள் முன்புதான் கண்ணை மூடினார். ஊரை ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள்.

லாலி நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. புதுச்சேரி மக்களைச் சாதி பாராமல் பிடித்துவந்து சுமை இழுக்கவைத்த கடுமைக்காரர் அவர். ஆனால் சம்பளப் பணம் இல்லாமல் அவர் படையே கலகம் செய்தது. 1759இல் போன பிரெஞ்சுக் கப்பற்படை முற்றுகையின்போது திரும்பி வரவேயில்லை. பணத்துக்கும் கப்பலுக்கும் பொறுப்பேற்க வேண்டியது மன்னரின் வெர்சாய் அரண்மனை. ஆனால் தோல்வியின் பழி முழுக்க லாலி ஒருவர் கழுத்தில் விழுந்தது. மன்னர் மன்னிப்புத் தரவில்லை. சிலைக்கும் வெட்டுக்கும் இடையே மூன்றே ஆண்டு. நான் நடந்த தூரம் சுமார் இரண்டரை கிலோமீட்டர். திடலின் ஓரமெல்லாம் தேடினேன். லாலி பெயரில் ஒரு கல்லும் எனக்குத் தென்படவில்லை.

வோல்டேரும் லாலியின் மகனும் விடாமல் போராடியதில் 1778 மே மாதம் லாலியின் தலை வெட்டச் சொன்ன தீர்ப்பு ரத்தானது. அப்போது ஆட்சியில் இருந்தவர் பதினைந்தாம் லூயியின் பேரன் பதினாறாம் லூயி. அவர் தரப்பு அமெரிக்காவோடு கையெழுத்திட்டதால் ஆங்கிலேயரோடு மறுபடியும் போர் மூண்டது. அதே ஆண்டு அக்டோபரில் புதுச்சேரி இன்னொரு முறை அவர்களிடம் விழுந்தது.

லாலியை அடைத்திருந்த பாஸ்டில் சிறை அங்கிருந்து இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் கிழக்கே இருந்தது. கோட்டை இன்று இல்லை. அது நின்ற எல்லையைச் சாலைக் கற்களிலேயே வரிசையாகப் பதித்துக் காட்டியிருக்கிறார்கள், கார்கள் அதன்மேல் போகின்றன. அகழிச் சுவரில் ஒரு துண்டைப் பார்க்க வேண்டுமானால் கீழே இறங்க வேண்டும். பாஸ்டில் நிலையத்தில் ஐந்தாம் எண் மெட்ரோ நடைமேடையின் ஓரத்தில் அது இருக்கிறது.