கடைசி அலசல் தண்ணீர்

வல்லத்துக்கும் பிள்ளைப்பாக்கத்துக்கும் நடுவே, தகரக் கூரை போட்ட கொட்டகை அது. உள்ளே முப்பது கிலோ மெஷின் இரண்டு, துணி பிழியும் ஹைட்ரோ ஒன்று, டிரையர் ஒன்று. இரவு ஷிப்ட் முடிந்து வந்த சீருடைகள் சுவரோரம் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. ஒரகடத்துக் காரையும் ஸ்ரீபெரும்புதூர் செல்போனையும் உலகம் அறியும். அவற்றைச் செய்கிறவர்களின் உடுப்பு எங்கே வெளுக்கப்படுகிறது, வெளுத்த தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கத்தான் போயிருந்தேன்.

மெஷினைக் கவனிக்கும் பெரியவருக்கு அறுபது வயதிருக்கும். துணியைப் பிரிப்பதில்தான் அவருடைய தொழில் தெரிகிறது. காலரை விரலால் தேய்த்து, முகர்ந்து பார்த்து, கிரீஸ் தனி, கட்டிங் ஆயில் தனி, வெறும் வியர்வை தனி என்று ஒதுக்குகிறார். எண்ணெய்த் துணிக்குக் கொதிப்புக்குச் சற்றுக் குறைந்த சூடும் காரமும் வேண்டும். எலெக்ட்ரானிக்ஸ் ஆலையிலிருந்து வரும் மெல்லிய கோட்டுகளை அவர் அதன் பக்கத்தில்கூட வைப்பதில்லை. அந்தத் துணியில் கட்டம் கட்டமாகக் கரி இழை ஓடுகிறது. உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தைக் கடத்தி, கையிலிருக்கும் சர்க்யூட்டைக் காப்பது அந்த இழைதான். “இதுக்கு பிளீச் ஆகாது, வாசனைக்கு ஊத்துற கண்டிஷனரும் ஆகாது சார். சோப்பு மிச்சம் நிக்கக் கூடாது. அதனால ஒரு அலசு கூடுதலாவே போடணும்” என்றார்.

கூடுதல் அலசு என்றால் கூடுதல் தண்ணீர். இப்படிப்பட்ட மெஷினுக்குக் கிலோவுக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்தாலும், ஒரு லோடு 450 லிட்டர் குடிக்கும். இங்கே போர் தண்ணீர் கடினம். அதிலுள்ள சுண்ணாம்பும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொள்வதால் பவுடர் அதிகம் போட வேண்டியிருக்கிறது. போட்ட பவுடரை வெளியேற்ற இன்னும் தண்ணீர். மென்னீராக்கும் பிசின் தொட்டி வைத்தால் பவுடர் மிச்சம்தான். ஆனால் அந்தப் பிசினை அவ்வப்போது உப்புக் கரைசலால் கழுவ வேண்டும், அந்த உப்பு நீரும் வாய்க்காலுக்குத்தான் போகும். ஆகவே டேங்கர் லாரியை நம்பியிருக்கிறார்கள். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, டேங்கர்கள் எல்லாம் நகரத்தை நோக்கி ஓடின. அப்போது பட்ட பாட்டை அவர் இன்னும் சொல்கிறார். அவருடைய அப்பா ஏரிக்கரையில் உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்தவர். அந்தத் தொழிலில் ஏரி கெட்டால் மறுநாள் வேலை கெடும். அதனால் கரையைக் காத்தார்கள். லாரித் தண்ணீரில் வெளுக்கிறவருக்கும் ஏரிக்கும் அப்படி ஓர் உறவு இல்லாமல் போய்விட்டது. அதற்கு அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

கொட்டகையின் பின்புறம் போனேன். வெதுவெதுப்பான சாம்பல் நிறத் தண்ணீர், நுரையோடு திறந்த வாய்க்காலில் ஓடியது. பஞ்சைப் பிடிக்க ஒரு கம்பிவலை மட்டும் உண்டு. ஆறு குளங்களில் விடும் கழிவுநீரில் எண்ணெய்ப் பிசுக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கழிவு மட்க இழுக்கும் ஆக்சிஜனின் அளவான பி.ஓ.டி. 30-ஐத் தாண்டக் கூடாது என்று நாட்டில் விதி இருக்கிறது. கிரீஸ் சீருடை வெளுத்த தண்ணீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் அந்த அளவுக்குள் அடங்காது. பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் ஏரிகளின் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. செம்பரம்பாக்கத்தைச் சென்னை குடிக்கிறது.

இதே வட்டாரத்தின் பெரிய ஆலைகளுக்கு வரும் தண்ணீர் எது தெரியுமா? சென்னையின் சாக்கடை. கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து, ஆர்.ஓ. செய்து, குழாய் வழியாக இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு அனுப்புகிறார்கள். 2019-லிருந்து இது நடக்கிறது. தமிழ்நாடு மனமாரப் பெருமைப்பட வேண்டிய வேலை. நகரத்தின் கழிவு சுத்தமாகி இங்கே வருகிறது. இங்கே வெளுக்கும் அழுக்கோ சுத்தமாகாமலே நகரம் குடிக்கும் ஏரியின் திசைக்கு இறங்குகிறது. இந்த முரண்தான் என்னை அந்த வாய்க்காலை விட்டு நகரவிடவில்லை. அந்தக் குழாய்நீரில் உப்பு குறைவு. சலவைக்கு அதைவிடப் பொருத்தமான தண்ணீர் வேறில்லை. இந்தக் கொட்டகைக்கு அந்த இணைப்பு இல்லை.

வழி தெரியாமலும் இல்லை. கடைசி அலசலில் வரும் தண்ணீர் ஏறக்குறைய தெளிந்ததுதான். அதைத் தொட்டியில் பிடித்து அடுத்த லோடின் முதல் துவைப்புக்கு விட்டால் கால் பங்கு தண்ணீர் மிஞ்சும். 12,000 லிட்டர் டேங்கரில் 26 லோடு போடுகிறவர் 35 லோடு போடலாம். பெரியவரிடம் கேட்டேன்.

“அது தெரியாதா சார்? கீழ ஒரு சம்ப் தோண்டணும். இடத்துக்காரர் தோண்ட விடமாட்டேங்கிறார்.”

2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகத்தைத் திறந்தார்கள். அத்தனை பேருக்கு விடுதி கட்ட முடிந்த, தொழிற்பேட்டைகளை நடத்தும் அரசு நிறுவனமான சிப்காட், அக்கம்பக்கத்துச் சின்னச் சலவைக் கொட்டகைகளுக்கென்று ஒரு மூலையை ஒதுக்க முடியும். எண்ணெய் பிரிக்கும் தொட்டி, படிகாரம் போட்டுத் தெளியவைக்கும் தொட்டி, மணல் வடிகட்டி, கோயம்பேட்டுக் குழாயிலிருந்து ஓர் இணைப்பு, எல்லாம் பொதுவில். வாடகையைப் பெரியவர் இப்போதும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.